சித்பூர் ரோடும் ஜப்பான் பூனையும்

ஏப்ரல் 14. நமக்குச் சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி, மாங்காய்ப் பச்சடி, சாயங்காலம் பஞ்சாங்கம் படிப்பது என்று வீடே புதுசாக இருக்கும். கொல்கத்தாவிலோ பெரும்பாலான வருஷங்களில் அன்றைக்குத்தான் சித்திரையின் கடைசி நாள்!

குழம்ப வேண்டாம். வங்காளிகளும் நம்மைப் போலவே சூரியனை வைத்து மாதக் கணக்கு போடுகிறவர்கள். ஆனால் பெயர் மட்டும் ஒரு மாதம் தள்ளி நிற்கிறது. நம்முடைய பங்குனிதான் அவர்களுடைய 'சொய்த்ரோ'. நம் சித்திரை அவர்களுக்கு 'பொய்ஷாக்'. நாம் புத்தாண்டு கொண்டாடும் நாளில் அவர்கள் பழைய ஆண்டை வழியனுப்புகிறார்கள். மறுநாள் அவர்களுக்குப் புத்தாண்டு. இங்கே வந்த புதிதில் இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

ஒவ்வொரு வருஷமும் பங்குனி முடிவதற்குள் அம்மா பாம்புப் பஞ்சாங்கம் அனுப்பிவிடுவாள். இந்த முறை முட்டி வலி, கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை. எனக்கோ வைகாசியில் அப்பா திவசம். திதி பார்த்தாக வேண்டும். 'நெட்டில் பார்த்தால் ஒரு நிமிஷ வேலை' என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. நானும் பார்த்தேன். போனில் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "அச்சுல இருக்காடா?"

சரி, அச்சில் இருப்பதையே வாங்குவோம் என்று புத்தாண்டுக்கு முன்னால் கடைகளில் குவித்து வைத்திருந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றை வாங்கி வந்தேன். இங்கே அதற்குப் 'பஞ்சிகா' என்று பெயர். நான் வாங்கியது குப்தா பிரஸ் பஞ்சிகா. 1869-இல் இருந்து வருகிறது. நம்மூரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு கட்சி இருப்பதுபோல இங்கேயும் உண்டு. குப்தா பிரஸ் பழைய சூரிய சித்தாந்தக் கட்சி. 1890-இல் தொடங்கிய விசுத்த சித்தாந்தப் பஞ்சிகா திருத்திய கணக்குக் கட்சி. துர்கா பூஜை நேரம் இரண்டிலும் வித்தியாசப்படும்போது வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கும். கேட்க ஆனந்தமாக இருக்கும். நம்மவர்கள்தான் என்று தோன்றும்.

வாங்கியாகிவிட்டது. படிக்க வேண்டுமே? பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் என் வங்காளம். பஞ்சிகாவின் பொடி எழுத்தும் சுருக்கக் குறியும் கண்ணைக் கட்டின. ஆனால் படங்கள் இருந்தன. தேர் படம் வந்தால் அது ஆஷாட மாதம். பத்துக் கைகளோடு துர்கை வந்தால் ஆஷ்வின். மாப்பிள்ளை உட்கார்ந்து சாப்பிட, மாமியார் விசிறினால் அது ஜாமாய் சஷ்டி, அதாவது மாப்பிள்ளை விருந்து. அரை மணி நேரத்தில் வருஷம் முழுவதையும் படத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. இந்தப் படங்கள் எழுத்துத் தெரியாதவனுக்காகவே போட்டவை. இந்த ஊரில் நான் எழுத்துத் தெரியாதவன். அதனால் இவை எனக்காகவும்தான்.

அந்தப் படங்களின் வரலாற்றைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

கதை சித்பூர் ரோட்டில் ஆரம்பிக்கிறது. இன்றைக்கு அதன் பெயர் ரவீந்திர சரணி. வடக்குக் கொல்கத்தாவின் பழைய சாலை. அதில் ஷோபாபஜார் பக்கம் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. வங்காளத்தில் ஆலமரம் 'பட்'. அதன் அடிப்பகுதி 'தலா'. ஆலமரத்தடி என்பதுதான் 'பட்தலா'. 1820-ஐ ஒட்டி அங்கே அச்சுக்கூடங்கள் முளைக்க ஆரம்பித்தன. கொஞ்ச காலத்தில் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதுமே பட்தலா ஆகிவிட்டது. புராணக் கதை, காதல் கதை, பஞ்சாங்கம், கேலிப் புத்தகம், மருத்துவக் குறிப்பு என்று மலிவுத் தாளில் எல்லாமும் அடித்தார்கள். படித்த பெரிய மனிதர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஊரே வாங்கியது.

சென்னைக்காரர்களுக்குச் சுலபமாகப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம்மூர் குஜிலிக் கடைத் தெருதான் இது. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை' எல்லாம் பாட்டி வீட்டுப் பரணில் பார்த்திருப்பீர்களே, முரட்டுத்தனமான கட்டைப் படங்களோடு? அதேதான். (குஜிலிப் பாட்டுகளைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி 2004-இல் கொண்டுவந்த 'முச்சந்தி இலக்கியம்' கிடைத்தால் விடாதீர்கள்.)

வங்காளத்தில் படத்தோடு அச்சான முதல் புத்தகம் 1816-இல் வந்த 'அன்னதாமங்கல்'. வெளியிட்டவர் கங்காகிஷோர் பட்டாசார்யா. அடுத்த பத்து இருபது வருஷங்களில் படம் இல்லாத புத்தகம் விற்காது என்கிற நிலைமை வந்துவிட்டது. ஏன் மரக்கட்டை? காரணம் ரொம்ப எளிது. அச்செழுத்து எப்படி மேடாக இருக்கிறதோ, அப்படியே செதுக்கிய கட்டையிலும் கோடு மேடாக நிற்கும். எழுத்துகளோடு சேர்த்து ஒரே சட்டத்தில் இறுக்கி ஒரே அடியில் அச்சடித்துவிடலாம். செப்புத் தகட்டில் செதுக்கினால் கோடு பள்ளத்தில் இருக்கும். அதற்குத் தனி இயந்திரம், தனிக் கூலி. கட்டையில் அந்தச் செலவு இல்லை.

யார் செதுக்கினார்கள்? பெயர்களைப் பாருங்கள். ஹீராலால் கர்மகார், ராம்தன் ஸ்வர்ணகார். கர்மகார் என்றால் கொல்லர். ஸ்வர்ணகார் என்றால் தட்டார். இரும்பிலும் பொன்னிலும் உளி பிடித்த கைகள் கட்டைக்கு வந்தன. முதல் வங்காள அச்செழுத்தே ஒரு கர்மகாரின் கையில் பிறந்ததுதான். ஹால்ஹெட் எழுதிய வங்காள இலக்கணம் 1778-இல் ஹூக்ளியில் அச்சானபோது, சார்லஸ் வில்கின்ஸோடு சேர்ந்து எழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மகார். பிறகு ஸ்ரீராம்பூர் மிஷன் அச்சகத்துக்குப் போனார். அவருடைய மருமகன் மனோகர் அதே தொழிலைத் தொடர்ந்தார். மனோகரின் மகன் கிருஷ்ணசந்திரர் ஸ்ரீராம்பூரில் சொந்த அச்சகம் வைத்து, படம் போட்ட பஞ்சிகா வெளியிட்டார். மூன்று தலைமுறை! முதல் தலைமுறை எழுத்து வெட்டியது. மூன்றாம் தலைமுறை எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம் வெட்டியது.

எத்தனை விற்றது? இதற்கு ஒரு பாதிரியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஜேம்ஸ் லாங். கொல்கத்தாவின் வங்காள அச்சகங்களை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவர். அவர் கணக்குப்படி 1857-இல் மட்டும் அச்சான பஞ்சிகாக்கள் 1,36,000 பிரதிகள். சிப்பாய்க் கலகம் நடந்த வருஷம் அது! நாடு பற்றி எரிகிறது. அப்போதும் ஏகாதசி என்றைக்கு, தேர் என்றைக்கு என்று தெரிந்துகொள்ள லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள். இதே லாங் பாதிரியார்தான் 'நீல் தர்ப்பண்' நாடகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டதற்காக 1861-இல் ஒரு மாதம் சிறை போனவர். ஆயிரம் ரூபாய் அபராதத்தைக் கோர்ட்டிலேயே கட்டியவர் காளிபிரசன்ன சிங்கா. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சத்தில் திரும்பி வருவார்.

தலைப்பில் சொன்ன ஜப்பான் பூனை எங்கே என்கிறீர்களா? இதோ வருகிறது.

அதே 1857-இல், எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) ஹிரோஷிகே என்கிற ஓவியர் தன் புகழ்பெற்ற 'எடோவின் நூறு காட்சிகள்' வரிசையில் ஒரு படம் வெளியிட்டார். ஒரு ஜன்னல். ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைப் பூனை முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. வெளியே வயல்வெளி, தூரத்தில் ஃபூஜி மலை. வயலுக்கு நடுவே எறும்புக் கூட்டம் போல ஜனங்கள் வரிசையாகப் போகிறார்கள். தோரி நோ மாச்சி திருவிழா. கோவிலுக்குப் போய் மூங்கில் வாரி வாங்கி வருவார்கள். வருஷம் முழுக்க அதிர்ஷ்டத்தை வாரிக்கொள்வதற்காம். ஜன்னல் இருக்கும் அறை, கணிகையர் வசித்த யோஷிவாராப் பகுதியில் உள்ளது. அங்கிருக்கும் பெண் நினைத்தபோது வெளியே போக முடியாதவள். படத்தில் அவளைக் காணோம். பூனைதான் அவளுக்காகத் திருவிழா பார்க்கிறது.

எங்கள் ஆபீஸில் ஒருவர் ஒசாகாவில் இருந்து வாங்கி வந்த காலண்டரில் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தேன். வெளியூரில் வேலை பார்க்கிற எவனுக்கும் அந்தப் பூனை யாரென்று விளக்க வேண்டியதில்லை.

ஜப்பான்காரர்கள் இந்தக் கலையை எங்கோ உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வரைபவர் ஒருவர், செதுக்குபவர் ஒருவர், அச்செடுப்பவர் ஒருவர், முதல் போடும் பதிப்பாளர் ஒருவர். 1765-இல் இருந்தே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை வைத்து, இம்மி பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல வண்ணம் அடித்தார்கள். நம் பட்தலாவில் ஒரே கட்டை, கறுப்பு மை. பெரிய தனித்தாள் படம் என்றால் மேலே கையால் இரண்டு மூன்று நிறம் தீற்றுவார்கள். அவ்வளவுதான்.

திறமையில் போட்டி வைத்தால் ஜப்பான் ஜெயித்துவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டும் செய்த வேலையே வேறு. ஹிரோஷிகே படத்தில் திருவிழா தூரத்தில் நடக்கிறது. நாம் பார்வையாளர்கள். பட்தலாப் படத்தில் சாமி நடுவில் பெரிதாக, நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது. இது வேடிக்கை பார்க்கிற படமல்ல. கும்பிடுகிற படம். தனித்தாள் படமாக வாங்கி மண்சுவரில் ஒட்டினால் அதுவே பூஜை மாடம். பஞ்சிகாவில் வந்தால் அது நாள் காட்டும் குறி.

அந்தப் படங்களில் இருந்த திருவிழாக்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சரக் பூஜை. ஆண்டின் கடைசி நாளில், அதாவது நம் புத்தாண்டு அன்று, உயரமான கம்பம் நட்டு, முதுகுத் தோலில் கொக்கி மாட்டிச் சுற்றுவார்கள். மாரியம்மன் கோவில் செடல் உற்சவம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஃபிளெமிஷ் ஓவியர் சோல்வின்ஸ் 1791-இல் கொல்கத்தா வந்து பத்து வருஷத்துக்கும் மேல் தங்கி இதையெல்லாம் செப்புத் தகட்டில் வரைந்தார். அது வெளியூர்க்காரன் கண். உள்ளூர்க்காரன் கண்ணில் பார்க்க வேண்டுமானால் 1860-களின் தொடக்கத்தில் வந்த 'ஹுதோம் பேன்சார் நக்ஷா'வுக்குப் போக வேண்டும். ஆந்தையின் பெயரில் எழுதிய நகர நையாண்டி. தொடங்குவதே சரக் திருவிழாவில்தான். எழுதியவர் நம் அபராதம் கட்டிய காளிபிரசன்ன சிங்கா! அப்போது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும்.

1865-இல் கொக்கி மாட்டுவதை வங்காள அரசு தடை செய்தது. உத்தரவு போட்ட கவர்னர் சிசில் பீடன். அவர் பெயரில் வடக்குக் கொல்கத்தாவில் பீடன் ஸ்ட்ரீட் இருக்கிறது. இன்றைக்கும் அந்தத் தெருவில், சாத்துபாபு லாட்டுபாபு பஜாரில், வருஷா வருஷம் சரக் கம்பம் நடுகிறார்கள்! கொக்கிக்குப் பதில் துணியும் கயிறும் கட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். இந்த வருஷம் வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்டுவிட்டு நேரே அங்கே போய் நின்றேன். தடை போட்டவர் தெருவிலேயே திருவிழா. சரித்திரத்துக்குக் குறும்பு அதிகம்.

சரி, இந்தக் கட்டைப் படங்கள் என்ன ஆயின?

1878-இல் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கியது. அன்னதா பிரசாத் பாக்சியும் கலைப்பள்ளியில் படித்த நண்பர்களும் சேர்ந்து கல்லச்சில் வழவழப்பான சாமி படங்கள் போட்டார்கள். நிழலும் வெளிச்சமும் வைத்து நிஜ மனுஷி மாதிரி லக்ஷ்மி. அப்புறம் ரவிவர்மா அச்சகப் படங்கள். தனித்தாள் கட்டைப் படம் நின்று பிடிக்க முடியவில்லை. சுவரில் இருந்து இறங்கிவிட்டது. பஞ்சிகாவுக்குள் மட்டும் ஒண்டிக்கொண்டது.

இனிமேல்தான் என்னைத் தொந்தரவு செய்யும் விஷயம் வருகிறது. 1902-இல் ஜப்பானியக் கலை அறிஞர் ஒகாகுரா கொல்கத்தா வந்தார். தாகூர் குடும்பத்தோடு நெருங்கினார். மறு வருஷமே யோகோயாமா தைகான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரண்டு ஓவியர்கள் வந்தார்கள். தைகான் வரைவதைப் பார்த்துத்தான் அவனீந்திரநாத் தாகூர் ஈரத்தாளில் நிறத்தைக் கரையவிடும் முறையை எடுத்துக்கொண்டார். வங்காள ஓவியப் பாணி என்று நாம் சொல்வதில் பாதி அந்த ஜப்பான் ஈரம்தான். 1916-இல் ரவீந்திரநாத்தே ஜப்பான் போனார். ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் வீட்டில் இன்றைக்கு ஜப்பான் உறவுக்கென்றே ஓர் அறை இருக்கிறது.

அந்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? சித்பூர் ரோட்டை ஒட்டிய சந்தில். ஆலமரத்தடிக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். கிழக்கின் கலை எது என்று அந்த வீட்டு வராந்தாவில் பேசிக்கொண்டிருந்த நாட்களில், அதே ரோட்டில் மூன்று தலைமுறைக் கைத்தொழில் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

இதை வைத்துத் தாகூர் குடும்பத்தைக் குறை சொல்லக் கிளம்பினால் அது அநியாயம். ஒகாகுரா வருவதற்கு இருபது வருஷம் முன்பே சந்தை போய்விட்டது. அதோடு, வீட்டு வாசலில் கிடப்பதைப் பார்க்க யாருக்குமே கண் இருப்பதில்லை. எடோவிலும் அந்தப் படங்கள் மலிவுச் சரக்காகத்தான் விற்றன. ஐரோப்பாக்காரர்கள் பைத்தியமாக வாங்க ஆரம்பித்த பிறகுதான் அவற்றின் மதிப்பே மாறியது. பட்தலாப் படங்களுக்கு அந்த யோகம் இல்லை. தப்பிப் பிழைத்தவற்றில் ஒரு பகுதியை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் பார்க்கலாம். இங்கே அசித் பால் தொகுத்து 1983-இல் ஒரு புத்தகம் வந்தது. நிருத்யலால் தத்தா, மாதவ சந்திர தாஸ் போன்ற பெயர்கள் நமக்குத் தெரிவதே அவர்கள் தம் பெயரைக் கட்டையிலேயே செதுக்கி வைத்ததால்தான். பஞ்சாங்கம் என்பது ஒரு வருஷ ஆயுள் உள்ள பொருள் இல்லையா? அடுத்தது வந்ததும் பழையது கடலை மடிக்கப் போய்விடும்.

ஒரு ஆறுதல். 1930-இல் ரவீந்திரநாத்தின் 'சஹஜ் பாட்' என்ற குழந்தைகள் பாடப் புத்தகம் வந்தது. நந்தலால் போஸ் செதுக்கிய கறுப்பு வெள்ளைப் படங்கள், எழுத்துக்குப் பக்கத்திலேயே. எழுத்துத் தெரியாத குழந்தை படத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்குப் போகிறது. ஆலமரத்தடி வேறு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

திதி விஷயம் பாக்கி இருக்கிறதே. படத்தை வைத்துத் தேரைக் கண்டுபிடிக்கலாம், அப்பாவின் தேய்பிறை சப்தமியைக் கண்டுபிடிக்க முடியாதே? பஞ்சிகாவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாசிமாவிடம் போனேன். எண்பதை நெருங்குகிறவர். "மாசிமா, இதில் ஜ்யோய்ஷ்டோ மாதத்துக் கிருஷ்ண சப்தமி..." என்று என் உடைந்த வங்காளத்தில் ஆரம்பித்தேன். "யாருக்கு, பாபா?" என்றார். அப்பாவுக்கு என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை வரி வரியாக நகர்த்தி, தேதி, நேரம் எல்லாம் சொல்லி, ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தார். கடைசியில் பக்கத்தைத் திருப்பி, மாப்பிள்ளை விருந்துப் படத்தைக் காட்டிச் சிரித்தார். சின்ன வயதில் இந்தப் படத்துக்குக் கலர் பென்சிலால் நிறம் அடித்து அப்பாவிடம் அடி வாங்கினாராம்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அச்சுல இருக்காடா?"

"இருக்கும்மா. ஆனா வங்காள அச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சந்திரன் ஒண்ணுதானே. சரி, அன்னிக்கே பண்ணிடு."

உங்கள் வீட்டில் பழைய பஞ்சாங்கமோ, அட்டை கிழிந்த பெரிய எழுத்துப் புத்தகமோ இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறித் தேடுங்கள். பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன்னால் படங்களையாவது போட்டோ எடுத்து வையுங்கள். முக்கியமாக ஓரத்தைப் பாருங்கள். செதுக்கியவர் பெயர் அங்கே இருந்தாலும் இருக்கும்.